பழைய வேனில் ஏசி காற்று முகத்துக்கு வரவில்லையா? வேக்குவம் கோளாறைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழி

சித்திரை வெயிலில் பிள்ளையார்பட்டிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். ஏசி ஓடுகிறது, ப்ளோயர் இரைகிறது, ஆனால் காற்று மொத்தமும் முன்கண்ணாடியின் அடியிலிருந்து மேலே போகிறது. காற்றின் திசையை மாற்றும் நாபை எந்தப் பக்கம் திருப்பினாலும் முகத்துக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது. கடைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் கேட்கும் சொல் "கேஸ் இறங்கிருச்சுண்ணே". காசை எடுப்பதற்கு முன் கண்ணாடியின் அடியில் கையை வைத்துப் பாருங்கள். அங்கே காற்று சில்லென்று இருந்தால் கேஸ் இருக்கிறது. காற்றை இப்படியும் அப்படியும் திருப்பிவிடுகிற ஃபிளாப்தான் நகரவில்லை. அதை இழுக்க வேண்டிய வேக்குவம், அதாவது மெல்லிய ட்யூப் வழியாக எஞ்சின் தரும் உறிஞ்சு விசை, எங்கோ கசிகிறது.

இந்தக் கோளாறு பல நேரம் டேஷ்போர்டுக்கு வெளியிலேயே இருக்கும். ஒரு முழம் ட்யூபோடு முடிந்துவிடும். டேஷ்போர்டைக் கழற்றுவது கடைசி வேலை. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில், உங்கள் வேன் இந்த வகைதானா?

நம்மூரில் ஓடும் பழைய வேன்களில் பெரும்பாலானவற்றில் ஃபிளாப்பை இழுப்பது கேபிள். சிலவற்றில் சின்ன மோட்டார். வேக்குவம் வகை குறைவு. அமெரிக்காவில் ஓடும் ஃபோர்டு எக்கோனோலைன் போன்ற பெரிய வேன்கள் இதற்கு நல்ல உதாரணம்.

எஞ்சினை ஓடவிட்டு நாபைத் திருப்புங்கள். கனமாக, இழுத்துக்கொண்டு திரும்பினால் கேபிள். டேஷ்போர்டுக்குள் "ர்ர்ர்" என்று இரண்டு விநாடி சத்தம் வந்தால் மோட்டார். லேசாகத் திரும்பி, உள்ளே "உஸ்" என்று ஒரு மூச்சு விட்டால் வேக்குவம். சந்தேகம் தீரவில்லை என்றால் கிளவ் பாக்ஸைக் கழற்றி எட்டிப் பாருங்கள். தட்டையான டப்பி மாதிரி ஒன்று, அதன் வாயில் மெல்லிய ட்யூப், மறுபக்கம் ஒரு கம்பி. அதுதான் டயாப்ரம். ட்யூபில் காற்றை உறிஞ்சினால் கம்பி உள்ளே இழுக்கும், ஃபிளாப் திரும்பும்.

வேக்குவம் போய்விட்டால் உள்ளே உள்ள ஸ்ப்ரிங் ஃபிளாப்பைத் திரும்பத் தள்ளிவிடும். எக்கோனோலைன் போன்ற வேன்களில் அப்படித் தள்ளும்போது காற்று முன்கண்ணாடிக்குப் போகும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். எது பழுதானாலும் பனி படிந்த கண்ணாடி துலங்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. குளிர் நாட்டில் அது சரி. வேந்தன்பட்டிச் சாலையில் மத்தியானம் இரண்டு மணிக்கு அது தண்டனை.

2. அறிகுறியை எழுதி வையுங்கள்

எந்த நிலையில், எந்த வேகத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். மெக்கானிக்கிடம் "காத்து வரலண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் முதல் திருகிலிருந்து தொடங்குவார்.

எல்லா நிலையிலும், எல்லா வேகத்திலும் கண்ணாடிக்கே போகிறதா? வேக்குவம் வரும் மெயின் ட்யூப் கழன்றிருக்கும் அல்லது அறுந்திருக்கும். இதுதான் மிகச் சுலபமானது.

ஐடிலிங்கில் முகத்துக்கு வருகிறது, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கண்ணாடிக்குத் தாவுகிறது, காலை எடுத்தால் திரும்ப வருகிறது என்றால் செக் வால்வ் (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வ்) அல்லது வேக்குவம் டேங்க் (வேக்குவத்தைச் சேமித்து வைக்கும் டப்பா). பெட்ரோல் எஞ்சினில் வேக்குவம், எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயான மேனிஃபோல்டிலிருந்து வருகிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால் அது ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். அந்த நேரத்தைச் சமாளிக்கத்தான் டேங்கும் செக் வால்வும். செட்டிநாட்டில் மேடு கிடையாது என்பதால் இந்தக் கோளாறு உள்ளூரில் மாதக்கணக்கில் தெரியாமல் கிடக்கும். கொடைக்கானல் மலையேறும்போது காட்டிக்கொடுக்கும்.

டீசலில் கதை வேறு. அங்கே தனி வேக்குவம் பம்ப் இருக்கும். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே அது உட்கார்ந்திருக்கும். ஐடிலிங்கில் சோர்ந்து, ரேஸ் செய்தால் சரியாகிறது என்றால் பம்ப் தேய்ந்திருக்கிறது அல்லது எங்கோ பெரிய கசிவு.

ஒரே ஒரு நிலை மட்டும் வேலை செய்யவில்லை, மற்றவை சரி என்றால் அந்த ஒரு டயாப்ரம், அதன் ட்யூப், அல்லது நாபின் பின்னால் உள்ள ஸ்விட்சின் அந்த ஒரு துளை. "உஸ்" சத்தம் நிற்காமல் ஒரு நிலையில் மட்டும் கேட்டால் அந்த நிலைக்குரிய டயாப்ரம் கிழிந்திருக்கிறது. எல்லா நிலையிலும் கேட்டால் ஸ்விட்ச் அல்லது மெயின்.

இன்னும் இரண்டு அறிகுறிகளை நம் ஊரில் யாரும் வேக்குவத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ஒன்று, காற்று முகத்துக்கே வருகிறது, ஆனால் பத்து மணிக்கு மேல் குளிர்ச்சி பற்றவில்லை, இருக்கையில் செம்மண் தூசி படிகிறது. உள்காற்றையே சுழற்ற வேண்டிய ஃபிளாப் மூடாமல், வெளியே கொதிக்கும் காற்றை ஏசி இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு, ஹீட்டருக்கு வெந்நீர் போகும் வால்வும் சில வேன்களில் வேக்குவத்தால்தான் மூடும். வேக்குவம் இல்லாவிட்டால் அது திறந்தே கிடக்கும். ஏசியும் ஓடும், ஹீட்டரும் ஓடும். பானட்டுக்குள் ஹீட்டருக்குப் போகும் ஹோஸை, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரு கிளாம்ப் போட்டு நெரித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சட்டென்று குளிர்ந்தால் கோளாறு அந்த வால்வில் அல்லது அதற்கு வரும் வேக்குவத்தில்.

காற்றே வரவில்லை என்றால் அது ப்ளோயர். இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

3. கையில் இருக்க வேண்டியவை, செலவு, நேரம்

முதலில் காகிதம். வேனின் ஒர்க்ஷாப் மேனுவலில் ஏசி பகுதியில் உள்ள வேக்குவம் படம் வேண்டும். பானட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பெரும்பாலும் எஞ்சினின் புகைக் கட்டுப்பாட்டு ட்யூப்களுக்கான படம். ஏசி ட்யூப்கள் அதில் இருக்காது. ட்யூப் நிறங்களும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். "கறுப்புதான் மெயின்" என்று பக்கத்து வண்டிக்காரர் சொன்னால் உங்கள் மேனுவலில் சரிபார்த்த பிறகு நம்புங்கள். ஆர்சியில் உள்ள தயாரிப்பு மாதம், ஆண்டு, சேஸிஸ் எண் மூன்றையும் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் நடுவில் டயாப்ரம் மாறியிருக்கும்; இந்த மூன்றும் இல்லாமல் ஆர்டர் கொடுத்தால் தப்பான சாமான் வரும். ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களைத் திரும்ப எடுப்பார்களா என்று பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கருவிகளில் முக்கியமானது மருந்துக்கடையில் கிடைக்கும் 50 அல்லது 60 மில்லி சிரிஞ்சு. நூறு ரூபாய்க்குள் முடியும். கேஜ் உள்ள கை வேக்குவம் பம்ப் கிடைத்தால் மிக நல்லது. சுமாராக 1500 முதல் 3500 ரூபாய் வரை ஆகும். ஒரே ஒரு வேனுக்காக வாங்க மனமில்லாவிட்டால் தெரிந்த ஒர்க்ஷாப்பில் ஒரு நாள் இரவல் கேளுங்கள். அதோடு நான்கைந்து 4 மில்லிமீட்டர் போல்ட், துளை அடைக்க. மாஸ்கிங் டேப், பேனா, டார்ச், ஒரு பத்தி.

ட்யூப் மீட்டர் நூறு ரூபாய்க்கு முன்பின், டீ கனெக்டர் (ஒரு ட்யூபிலிருந்து கிளை எடுக்கும் T வடிவ இணைப்பு) சில பத்து ரூபாய், செக் வால்வ் சில நூறு. டயாப்ரமும் ஸ்விட்சும்தான் செலவு. சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய சாமானாகத் தேடலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சாமான் விலையோடு சுங்கவரியையும் கணக்கில் சேருங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஆத்தங்குடிக் கல் முதல் பெல்ஜியம் கண்ணாடி வரை பழசு எல்லாம் கிடைக்கும். வேக்குவம் ஸ்விட்ச் மட்டும் கிடைக்காது.

கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம். டேஷ்போர்டு பிரிக்க வேண்டி வந்தால் ஒரு முழு நாள். காலை ஆறரைக்குத் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் பானட்டுக்குள் கை வைக்க முடியாது. வெயிலில் நின்ற வண்டியில் பிளாஸ்டிக் ட்யூப் இளகியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். வருடக்கணக்கில் வெந்து அப்பளமாகியிருக்கும், தொட்டால் உடையும். முகூர்த்த மாதங்களில் வேனுக்கு ஓட்டம் இருக்கும் என்றால் வேலையை அதற்கு முன்போ பின்போ தள்ளுங்கள்.

4. எஞ்சின் பக்கம் பாருங்கள்

ஹேண்ட் பிரேக், நியூட்ரல், திறந்த வெளி. பூட்டிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட வேண்டாம். தோளில் துண்டு, தொங்கும் கைலி இரண்டும் ஃபேன் பெல்ட்டிடம் போகக்கூடாது.

எஞ்சினை நிறுத்தி, மேனிஃபோல்டிலிருந்து அல்லது பம்பிலிருந்து ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகரச் சுவர்) வரை ட்யூபைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். வளைவுகளிலும், ட்யூப் மாட்டும் நிப்பிள் முனைகளிலும்தான் வெடிப்பு இருக்கும். ட்யூபை லேசாக மடக்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் வாயைத் திறக்கும். நம் பக்கம் இன்னொரு வில்லன் உண்டு. வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்க, வேன் பெரிய வீட்டு முகப்பிலோ ஷெட்டிலோ மாதக்கணக்கில் நிற்கும். எலியும் அணிலும் ட்யூபைக் கடித்துப் போட்டிருக்கும். கழன்று கிடக்கும் ட்யூப் முனையில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். அப்படி அடைத்த ட்யூபை ஊதிச் சுத்தம் செய்யாமல் மாட்டினால் மண் நேராக எஞ்சினுக்குள் போகும்.

அடுத்து அளவு. ஃபயர்வாலுக்குள் நுழையும் மெயின் ட்யூபை அதற்கு முன்பே கழற்றி, எஞ்சின் பக்க முனையில் கேஜை மாட்டி ஐடிலிங்கில் விடுங்கள். நல்ல பெட்ரோல் எஞ்சின் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் (வேக்குவத்தை அளக்கும் அலகு, கீழே வெறும் அங்குலம் என்கிறேன்) காட்டும். மில்லிமீட்டர் கேஜ் என்றால் 430 முதல் 530. டீசல் பம்ப் 600 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டும். இந்த அளவு வந்தால் எஞ்சின் பக்கம் குற்றமில்லை. குறைந்தால் உள்ளே போகவே தேவையில்லை.

பெட்ரோல் வண்டியில் கசிவு இருந்தால் ஐடிலிங்கும் ஆடும். கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து கலவையைக் கெடுக்கும். புகைச் சான்றிதழ் ஐடிலிங் சோதனையில் திரும்பத் திரும்பத் தோற்கிற பழைய வேனில் இதையும் ஒரு காரணமாகப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரும் அதே வேக்குவத்தைத்தான் குடிக்கிறது. ஏசிக்கான ட்யூபை பூஸ்டருக்கும் அதன் செக் வால்வுக்கும் நடுவில் யாராவது டீ கனெக்டர் போட்டுக் கிளை எடுத்திருந்தால் உடனே பிரியுங்கள். அங்கே ஏசி ட்யூப் அறுந்தால் பிரேக் மிதி கல்லாகிவிடும். வேலை முடிந்ததும், எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதித்து, மிதியில் காலை வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள்.

5. செக் வால்வும் டேங்கும்

செக் வால்வைக் கழற்றித் துடைத்து, எஞ்சின் பக்க முனையில் வாயை வைத்து உறிஞ்சுங்கள். காற்று வர வேண்டும். அதே முனையில் ஊதுங்கள், போகக்கூடாது. இரண்டு பக்கமும் போனால் தூக்கிப் போடுங்கள். திருப்பி மாட்டுவது இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, அதனால் கழற்றும் முன் ஒரு படம் எடுங்கள். மீன் தொட்டிக் கடையில் விற்கும் வால்வ் பார்க்க இதே மாதிரி இருக்கும். எஞ்சின் சூட்டுக்கு அது ஆகாது.

டேங்க் என்பது காலி டப்பா, வேறொன்றுமில்லை. தகரம் என்றால் அடியில் துரு. பிளாஸ்டிக் என்றால் நிப்பிள் அடியில் வெடிப்பு. கை பம்பால் 15 அங்குலம் ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள், முள் நகரக்கூடாது. டேங்கின் பிளாஸ்டிக் பல நேரம் எம்-சீல் ஒட்டாத ரகமாக இருக்கும். ஒட்டியது போலத் தெரிந்து ஒரு வாரத்தில் உரிந்துவிடும். அசல் கிடைக்காவிட்டால் 3 அங்குல பிவிசி குழாயில் ஓர் அடி வெட்டி, இருபக்கமும் மூடி ஒட்டி, ஒரு நிப்பிள் இறக்கினால் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் டேங்க் ரெடி. எஞ்சின் சூடு படாத இடத்தில் கட்டுங்கள். தண்ணீர் பாட்டிலைப் பயன்படுத்தினால் முதல் மூச்சிலேயே சப்பிப்போகும்.

6. ஃபயர்வாலில் பிரித்து, உள்பக்கத்தை மட்டும் சோதியுங்கள்

வேலையில் பாதியை மிச்சப்படுத்தும் படி இது. எஞ்சின் அணைந்திருக்கட்டும். உள்ளே போகும் மெயின் ட்யூபில் கை பம்பை மாட்டி, நாபை ஒவ்வொரு நிலைக்கும் திருப்பி ஒவ்வொரு முறையும் 15 அங்குலம் ஏற்றுங்கள். ஒரு நிமிடம் நின்றால் அந்த நிலை நல்லது. எந்த நிலையில் முள் விழுகிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள். எல்லா நிலையும் நின்றால் உள்ளே கசிவே இல்லை. கோளாறு நான்காவது அல்லது ஐந்தாவது படியில் இருக்கிறது, திரும்பிப் போங்கள்.

ஒரு நிலையில் விழுந்தால் நாபின் பேனலை மட்டும் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வேன் என்றால் முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து பிறகு தொடுங்கள். ஸ்விட்சின் பின்னால் ட்யூப்கள் ஒரு கொத்தாகச் சேரும் கனெக்டர் இருக்கும். அதை உருவி, ஒவ்வொரு துளையிலும் சிரிஞ்சை வைத்துப் பிஸ்டனை இழுத்துவிடுங்கள். கையை எடுத்ததும் பிஸ்டன் தானாக உள்ளே ஓடினால் அந்த லைன் இறுக்கமாக இருக்கிறது. இழுத்த இடத்திலேயே அசையாமல் நின்றால் கசிவு. எல்லாத் துளையும் நல்லது என்றால் குற்றவாளி ஸ்விட்ச். மேனுவல் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சில துளைகள் வேண்டுமென்றே காற்றுக்குத் திறந்திருக்கும். டேங்க் உள்ள லைனில் சிரிஞ்சு பலிக்காது, கொள்ளளவு பெரியது.

கசியும் லைனை டயாப்ரம் வரை பின்தொடருங்கள். டயாப்ரத்தில் ட்யூபைக் கழற்றி, அதன் வாயில் நேராகச் சிரிஞ்சை வையுங்கள். அங்கே இறுக்கமாக இருந்தால் ட்யூப் பழுது. இல்லையென்றால் டயாப்ரம் பழுது. சத்தம் கேட்கிறது, இடம் தெரியவில்லை என்றால் ப்ளோயரை நிறுத்திவிட்டு, எஞ்சின் ஓட, டேஷ்போர்டுக்குள் பத்தியைக் காட்டுங்கள். புகை எங்கே இழுபடுகிறதோ அங்கே ஓட்டை. பானட்டுக்குள் பத்தியைக் கொண்டுபோக வேண்டாம், அங்கே பெட்ரோல் ஆவி இருக்கும்.

டயாப்ரம் இழுத்துப் பிடிக்கிறது, கம்பி மட்டும் நகரவில்லை என்றால் ஃபிளாப் சிக்கியிருக்கிறது. கம்பியைக் கழற்றி ஃபிளாப்பைக் கையால் ஆட்டுங்கள். புளிய மரத்தடியில் நிற்கிற வேன்களில் சருகு நிறைந்திருக்கும். ஃபிளாப் ஓரத்து ஸ்பாஞ்சு உருகிப் பசையாகியிருக்கும்.

7. மாற்றும்போது

ஒரு நேரத்தில் ஒரு ட்யூப். ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்டி எண் போடுங்கள். பழைய ட்யூபை நிப்பிளிலிருந்து பிடித்து இழுத்தால் நிப்பிளே ஒடிந்து வரும். நீளவாக்கில் பிளேடால் கீறி உரியுங்கள். கடினமான பிளாஸ்டிக் முனையை வெந்நீரில் நனைத்த துணியால் இளக்கிய பிறகு மாட்டுங்கள்.

சிறிய லைன்களுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் உள்விட்டம் வரும். பழைய துண்டை எடுத்துப்போய்க் காட்டி வாங்குங்கள். சுவர் தடிமன் முக்கியம். டிரிப் ட்யூப், மீன் தொட்டி ட்யூப் இரண்டும் உறிஞ்சும்போது சப்பிப்போகும். பார்க்கக் கசிவே இல்லாதது போல இருந்து உங்களைப் பைத்தியமாக்கும். சிலிக்கான் ட்யூப் சூட்டைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. டீசல் பம்ப் அருகே எண்ணெய்த் திவலை வரும், அங்கே ரப்பர் வேக்குவம் ஹோஸ் போடுங்கள். வெடித்த ட்யூபில் ஃபெவிக்விக் போடுவது பெட்டிக்கடை வரை போய்வரத் தாங்கும்.

டயாப்ரம் மாற்ற டேஷ்போர்டுக்குள் உள்ள ஏசி பெட்டியைக் கழற்றியே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், மேனுவலில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பல டயாப்ரங்கள் கிளவ் பாக்ஸ் வழியாகவே கைக்கு எட்டும். கூலியை "டேஷ்போர்டு கழற்றினால் இவ்வளவு, கழற்றாவிட்டால் இவ்வளவு" என்று இரண்டாகப் பேசி, தாளில் எழுதி வாங்குங்கள்.

சாமான் வரும்வரை ஃபிளாப்பை முகத்துப் பக்கம் கம்பி போட்டுக் கட்டிவிடுவார்கள். கோடைக்கு அது குற்றமில்லை. பழுதான லைனின் முனையை மட்டும் போல்ட்டால் அடைத்துவிடுங்கள், மற்ற நிலைகள் பிழைக்கும். ஆனால் ஐப்பசி மழை தொடங்குவதற்குள் கம்பியை அவிழ்த்தாக வேண்டும். நாலு பேர் ஈரத்துணியோடு ஏறினால் கண்ணாடி ஒரே நிமிடத்தில் மங்கும். அப்போது கண்ணாடிக்குக் காற்று வேண்டும்.

8. ஓட்டிப் பார்ப்பது

ஐடிலிங்கில் எல்லா நிலையும் சரியாக இருப்பது போதாது. திருமயம் சாலையில் டாப் கியரில் நாற்பதில் போய், கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்திப் பத்து விநாடி பிடியுங்கள். மேட்டில் ஏறுவதற்கு நம்மூரில் இதுதான் மாற்று. காற்று முகத்திலேயே நிற்க வேண்டும். அப்படி நின்றால், வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு சாவியை ஆன் நிலையில் வைத்து ப்ளோயரை ஓடவிட்டு நாபைத் திருப்புங்கள். டேங்கில் மிச்சமிருக்கும் வேக்குவத்தில் இரண்டு மூன்று முறையாவது ஃபிளாப் மாறினால் வால்வும் டேங்கும் நன்றாக இருக்கின்றன. அடுத்த நாள் காலை, எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ஒரு முறையும், மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு முறையும் இதையே செய்யுங்கள். ட்யூப் முனை தளர்வாக இருந்தால் சூட்டில்தான் நழுவும்.